முப்பத்தோராவது படிவம்

மார்ச் 6

அன்புள்ள தம்பி,

அக்கா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம். அம்மாவுக்கு இடது கண்ணில் கொஞ்சம் மங்கல். தையல் நிற்கவில்லை, ஊசியில் நூல் கோக்க மட்டும் குட்டியைக் கூப்பிடுகிறாள். குட்டி கடைசித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சோப்புக்கட்டியில் பொம்மை செதுக்கிக்கொண்டிருக்கிறாள். நீ எப்படி இருக்கிறாய்? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் உன்னைப் பிடிக்க முடியவில்லை. பிடித்தாலும் அம்மா "ஸ்பீக்கர்ல போடு" என்று வந்து நிற்பாள். இது அவள் காதுக்கு வேண்டாத ஆபீஸ் சமாச்சாரம்.

நீ படித்த அதே மேலாண்மைக் கல்லூரியில் நான் ஆறு வருஷமாகத் தற்காலிக ஊழியராகக் குப்பை கொட்டுகிறேன். என் மேஜையில் என்ன நடக்கிறது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்டுக்கொள். படித்துவிட்டுப் போனவர்களிடம் என்ன சம்பளம் என்று விசாரித்து, கூட்டிச் சராசரி போட்டு, கல்லூரிகளுக்கு ரேங்க் போடும் பத்திரிகைக்கு அனுப்புவது என் வேலை. உன் செட்டில் அறுபத்திரண்டு பேர். பத்திரிகையின் விதிப்படி பாதிப் பேராவது சம்பளத்தை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்லூரியின் பெயரே பட்டியலில் வராது. பாதி என்றால் முப்பத்தொன்று. என் கையில் முப்பதுதான் இருக்கிறது.

எங்கள் இயக்குநர் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டார். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தசமம். தசமம் காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் என் மேஜைக்கு வந்து, முப்பத்தொன்று ஆயிற்றா என்று கேட்டுவிட்டுப் போகிறார். பட்டியலில் பெயர் வந்தால் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் ஆகஸ்ட் கடைசியோடு என் ஒப்பந்தம் முடிகிறது.

படிவம் இணைத்திருக்கிறேன். மற்றவர்களிடம் சம்பளச் சீட்டின் நகல் கேட்டு உயிரை வாங்குவேன். உன்னிடம் கேட்க மாட்டேன். கூடப்பிறந்தவனிடமும் சீட்டுக் கேட்டால் நான் என்ன மனுஷி. ஏப்ரல் 15க்குள் எனக்கு வந்து சேர வேண்டும்.

அம்மா சொல்லச் சொன்னது: வருஷத்துக்கு எண்பத்தாறாயிரம் ரிங்கிட் வாங்குகிறவன் வீட்டுக்கு மாதம் எழுநூறு அனுப்புகிறானே, இந்தக் கருமித்தனம் யாரிடம் கற்றான் என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

உடனே எழுது.
அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் மூவரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளுக்கு மேலாகிறது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அம்மாவை நல்ல கண் டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே.

போனை எடுக்காததற்குக் காரணம், வேலைக்குள் போகும்போதே அதை வாசலில் ஒரு பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். இப்போது ஒரு கிடங்குதான் எங்கள் ஆலோசனை நிறுவனத்தின் வாடிக்கையாளர். ஆன்லைனில் வாங்கிவிட்டு, பிடிக்கவில்லை என்று ஜனங்கள் திருப்பி அனுப்புகிற சாமான்கள் அங்கே வருகின்றன. ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, மறுபடி விற்கலாம், பழுது பார்க்கலாம், கழித்துவிடலாம் என்று மூன்று தொட்டிகளில் போடுகிறார்கள். ஒரு பெட்டிக்கு நாற்பது வினாடி. நேற்று ஒரு கெட்டில் வந்தது, உள்ளே பாதி டீ அப்படியே இருந்தது. ஒரு செருப்புப் பெட்டியில் இரண்டுமே இடது கால். உனக்குச் சிரிப்பு வரும் என்று எழுதுகிறேன். நாள் முழுக்க நிற்பதால் முழங்காலில் கொஞ்சம் வலி, வேறொன்றுமில்லை.

படிவத்தைப் பார்த்தேன். அதில் "வேலை தேடவில்லை" என்று ஒரு கட்டம் இருக்கிறதே, என்னை அதில் போட்டுவிட முடியாதா? சம்பளத்தை வெளியே சொல்லக் கூடாது என்று எங்கள் நிறுவனத்தில் ஒரு விதி இருக்கிறது.

குட்டியின் பொம்மையைப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பி,

எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அந்தக் கட்டத்தைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாயா? அதை நிரப்புவதில் நான் கைதேர்ந்தவள். வேலை கிடைக்காத பிள்ளைகள் போனில் அழுவார்கள். நான் பக்குவமாகச் சொல்வேன், "வேலை கிடைக்கலன்னு எழுதாதீங்க, மேல படிக்கத் தயாராகுறேன்னு எழுதுங்க." அப்படி எழுதினால் அவர்கள் வேலை தேடாதவர்கள், கணக்குக்கு வெளியே போய்விடுவார்கள். உன் செட்டில் அந்தக் கட்டத்தில் பதினான்கு பேர். அதில் ஒன்பது பேரை நான்தான் கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்காரவைத்தேன். இன்னும் பதினேழு பேர் பதிலே போடவில்லை. பிறகு நீ.

ஆகவே அந்தக் கட்டம் எனக்குப் பிரயோஜனமில்லை. சம்பளம் எழுதின ஆள் இன்னும் ஒன்று வேண்டும். நிறுவனத்தின் பெயரை எழுதாதே, நான் மறைத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு எண் போதும். யோசித்துத் தலையை உடைத்துக்கொள்ளாதே. அம்மாவிடம் சொன்ன எண்ணையே எழுது.

பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. தசமம் இன்று மூன்றாவது தரமும் வந்தார்.

அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்கா,

நலம்.

படிவம் இதோடு இருக்கிறது. அம்மாவிடம் சொன்ன எண்ணையே எழுதியிருக்கிறேன்.

இது அந்தப் பத்திரிகைக்கு மட்டும்தானே போகும்? வேறு யாரும் பார்க்க மாட்டார்களே?

தம்பி


ஜூன் 18

அன்புள்ள தம்பி,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? நாங்கள் நலம். நலத்துக்கு மேலே ஒரு படி என்று சொல்ல வேண்டும்.

பட்டியல் வந்துவிட்டது. நமக்கு நாற்பத்தேழாவது இடம். இதற்கு முன்னால் கல்லூரி இந்தப் பட்டியலில் கால் வைத்ததே இல்லை. தசமம் எல்லோருக்கும் டீயும் கேக்கும் வாங்கிக் கொடுத்தார், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். செப்டம்பர் முதல் தேதியிலிருந்து நான் நிரந்தரம். ஆறு வருஷம் கழித்து என் நாற்காலிக்கு என் பெயர் வரப்போகிறது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

வாசலில் ஆள் உயரத்துக்குப் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். சராசரிச் சம்பளம் ஐம்பத்துநாலாயிரம். அதற்குக் கீழே, அதிகபட்சம் எண்பத்தாறாயிரம். அது நீதான். பெயர் போடவில்லை, பயப்படாதே. ஆனால் வீட்டில் யாருக்குத் தெரியாது? குட்டி அந்தப் போஸ்டர் பக்கத்தில் நின்று படம் எடுத்து, எங்கள் அண்ணன் என்று சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள்.

இன்னொரு விஷயம். குட்டியும் அங்கேயே சேருகிறேன் என்கிறாள். பல் செட் செய்யும் பயிற்சிக்கூடத்தில் உதவித்தொகையோடு இடம் கிடைத்திருக்கிறது, அதை வேண்டாம் என்று எழுதப் போகிறாள். அம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது. ஊழியர் குடும்பம் என்று உனக்குக் கிடைத்த சலுகை இப்போது இல்லை, முழுக் கட்டணம். அம்மா வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்துக் கடன் வாங்குகிறேன் என்கிறாள். ஒருத்தன் இவ்வளவு சம்பாதிக்கும்போது இன்னொருத்தி கட்டிவிட மாட்டாளா என்று கேட்கிறாள். பேங்கில் ஜூலை 29 கையெழுத்து.

நீயும் ஒரு வார்த்தை எழுதினால் குட்டிக்குத் தெம்பாக இருக்கும்.

பிரியமுள்ள,
அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் வேலை நிரந்தரமானதில் மகிழ்ச்சி. மனதாரச் சொல்கிறேன்.

குட்டி அங்கே சேர வேண்டாம்.

அவள் கை அப்படிப்பட்ட கை. சோப்பில் பூனை செதுக்கினால் மீசை தெரிகிறது. பல் செட் செய்யும் இடம் அவளுக்காகவே கட்டின மாதிரி இருக்கிறது, படிக்கும்போதே பணமும் தருகிறார்கள். அதை ஏன் விட வேண்டும்? அம்மா ஒவ்வொரு தையலாகப் போட்டு வாங்கின வீடு அது. இரண்டு அறைதான், ஆனாலும் வீடு.

ஐம்பத்துநாலாயிரம் சராசரி என்று நீயுமா சொல்கிறாய்? அது முப்பத்தொரு பேருடைய சராசரி. மீதி முப்பத்தொரு பேர் எங்கே அக்கா? சொல்லிக்கொள்ளும்படி சம்பளம் இருக்கிறவன்தான் சம்பளத்தைச் சொல்லுவான். பதில் போடாதவர்கள் பெரிய சம்பளத்தைச் சொல்லக் கூச்சப்பட்டா சும்மா இருக்கிறார்கள்? ஒன்பது பேரைக் கணக்குக்கு வெளியே உட்காரவைத்தேன் என்று நீதானே எழுதினாய்? குட்டி நாளைக்கு அந்த ஒன்பது பேரில் ஒருத்தியானால் அவளிடமும் போன் செய்து பக்குவமாகச் சொல்வாயா?

கோபித்துக்கொள்ளாதே. குட்டியிடம் நீ சொல். நான் சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

தம்பி


ஜூலை 9

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது பேரைப் பற்றி உன்னிடம் சொன்னது என் தப்புதான். இந்த வேலையில் வந்த சம்பளத்தில்தான் உன் கட்டணம் போயிற்று, அதை மறந்துவிட்டாய். ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிறாய். உனக்கு மட்டும் எண்பத்தாறாயிரம், தங்கைக்குப் பல் செட்டா என்று குட்டி கேட்டால் நான் என்ன பதில் சொல்ல? உன் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. காட்டினால் ஒரு வாரம் சாப்பிட மாட்டாள்.

அம்மா பேங்குக்குப் போட்டுக்கொள்ள ஒரு நல்ல ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கிறாள். அவளை நிறுத்த எனக்கு வாயில்லை. உனக்கு இருந்தால் போன் செய்து நீயே பேசு.

இரண்டாவது விஷயம். பத்திரிகையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. புதிதாகப் பட்டியலில் நுழைந்த கல்லூரிகளில் பத்துப் படிவங்களை எடுத்துச் சரிபார்க்கிறார்கள். அதிகபட்சம் எழுதின படிவம் கட்டாயம் அதில் இருக்கும். உன் சம்பளச் சீட்டு ஒன்று வேண்டும், எந்த மாதத்துடையதானாலும் சரி. ஆகஸ்ட் 5 கடைசி நாள். தொகுத்தவர் என்று அடியில் கையெழுத்துப் போட்டிருப்பது நான். தசமம் இல்லை.

சீட்டை அனுப்பு.

அக்கா


ஜூலை 21

அன்புள்ள அக்கா,

போன வாரம் மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் அம்மாதான் எடுத்தாள். "எப்பப்பா வர்றே?" என்றாள். சாப்பிட்டுவிட்டேன் அம்மா என்று கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

சீட்டு இதோடு இருக்கிறது. ஜூன் மாதத்துடையது. வருஷக் கணக்கில் இருபத்தோராயிரம்.

நான் ஆலோசனை நிறுவனத்தில் இல்லை. ஒருநாள்கூட இருந்ததில்லை. வேலைக்கு உத்தரவு வந்தது உண்மை, எண்பத்தாறாயிரம் என்று அதில் போட்டிருந்ததும் உண்மை. அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன். அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, இன்னொரு தரம் சொல்லு என்றாள். இங்கே வந்து இறங்கினதும் இந்த வருஷம் ஆள் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நாலு வரி மின்னஞ்சல். அதை வீட்டில் சொல்ல ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன். வேறு வேலை கிடைத்ததும் சேர்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு வருஷம் ஓடிவிட்டது.

அந்தக் கிடங்கு எங்கள் வாடிக்கையாளர் இல்லை. அங்கே பெட்டி பிரிக்கிறவன் நான். மூன்று தொட்டிகளில் போடுகிறவன் நான். அறையில் என்னோடு ஒரு லாரி டிரைவரும், ஜன்னல் துடைக்கிற ஒருவரும் இருக்கிறார்கள். நல்லவர்கள். அவர்களுக்கு என் சம்பளம் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது.

மார்ச்சில் நீ படிவம் அனுப்பியபோது அதைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். உன் வேலை போய்விடும் என்று எழுதியிருந்தாய். ஏற்கெனவே சொன்ன பொய்யை இன்னொரு காகிதத்தில் எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று எழுதிவிட்டேன். அது சுவரில் ஏறும், அதைப் பார்த்துக் குட்டி வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். இரண்டு வருஷம் வியாபாரமும் விளம்பரமும்தானே படித்தேன்.

இதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. அம்மா கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் காட்டு. தபால் ஆறு நாளில் வரும் என்கிறார்கள். விரைவுத் தபாலில் போடுகிறேன்.

தம்பி


ஜூலை 31

அக்கா,

கடிதம் கிடைத்ததா? 29 போய் இரண்டு நாளாகிவிட்டது. நீயும் போனை எடுக்கவில்லை, வீட்டுப் போனும் அடித்துக்கொண்டே இருக்கிறது. இடைவேளையில் பெட்டகத்தைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாளா? ஒரே ஒரு வார்த்தை எழுது.

தம்பி


ஆகஸ்ட் 4

அன்புள்ள தம்பி,

போடவில்லை. முதலில் அதைப் படித்துவிட்டு மூச்சு விட்டுக்கொள்.

உன் கடிதம் 27ஆம் தேதி கிடைத்தது. அதாவது இரண்டு நாள் முன்னாலேயே. அந்த இரண்டு நாளும் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நடமாடினேன். ஆபீஸுக்குக் கொண்டுபோனேன், திரும்பக் கொண்டுவந்தேன். அம்மா ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சொல்லவில்லை. செப்டம்பர் ஒன்றாம் தேதி என் கண்ணில் ஆடிக்கொண்டிருந்தது. இதைப் படிக்கும்போது உனக்கு என்மேல் என்ன தோன்றினாலும் தகும்.

29 காலை மூன்று பேரும் பேங்குக்குப் போனோம். அந்த அதிகாரி ஒரு சின்னப் பெண், பென்சிலால் பெருக்கல் குறி போட்டு எங்கெங்கே கையெழுத்து என்று காட்டினாள். அம்மா பேனாவைத் திறந்தாள். திறந்துவிட்டு, காகிதத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"நீ அங்கேயே வேலை பாக்குறவ. உனக்குத் தெரியாததா? போடட்டுமா?" என்றாள்.

ஆறு வருஷத்தில் எத்தனையோ பேர் என்னிடம் போனில் இதைக் கேட்டிருக்கிறார்கள். சேரலாமா மேடம், போட்ட காசு வருமா மேடம் என்று. எல்லோருக்கும் சராசரியைச் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் சராசரியைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"வேண்டாம்மா" என்றேன்.

ஏன் என்று குட்டி கத்தினாள். அங்கேயே, அந்தப் பெண் அதிகாரியின் எதிரிலேயே, அறுபத்திரண்டு பேரையும் சொன்னேன். சம்பளம் சொன்னவர்கள் முப்பத்தொன்று, நான் வெளியே உட்காரவைத்தவர்களைச் சேர்த்துப் பதினான்கு, பதிலே போடாதவர்கள் பதினேழு. கடைசியில் உன் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். குட்டி எழுந்து வெளியே போய்விட்டாள். அம்மா பேனாவை மூடினாள். அந்தச் சீட்டு அம்மாவிடம் இருக்கிறது. போன் ஒலித்தபோதெல்லாம் நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எடுத்தால் யார் என்ன பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இனி உன்னிடம் சொல்ல வேண்டியது. உன் முழங்கால் வலியைப் படித்தபோதே எனக்குப் பொறி தட்டிவிட்டது. ஆலோசனை சொல்கிறவன் போனை எந்தப் பெட்டகத்தில் பூட்டுகிறான்? பெட்டிக்கு நாற்பது வினாடி என்று வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொண்டேதான் அடுத்த கடிதத்தை எழுதினேன். "அம்மாவிடம் சொன்ன எண்ணையே எழுது" என்று நான் எழுதியது வாய் தவறி வந்ததில்லை. உன்னிடம் சீட்டுக் கேட்காதது முதல் கடிதத்தில் பாசம். அதற்குப் பிறகு பாசமில்லை. கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய், எனக்குப் படிவம் வராது என்ற பயம்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது, கேள். எனக்கு வேண்டியிருந்தது ஒரு படிவம்தான். எண்பத்தாறாயிரம் வேண்டியதில்லை. நீ இருபத்தொன்று என்று எழுதியிருந்தாலும் முப்பத்தொன்று முப்பத்தொன்றுதான். பட்டியலில் பெயர் வந்திருக்கும். சராசரி ஐம்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரம் ஆகியிருக்கும், ரேங்க் நாலைந்து படி இறங்கியிருக்கும், என் வேலையும் நிலைத்திருக்கும். பேங்கிலிருந்து வந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உண்மையே போதுமாக இருந்தது. நமக்கு இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

பத்திரிகைக்கு நேற்று எழுதிவிட்டேன். முப்பத்தோராவது படிவத்தில் உள்ள தொகை தவறு, சரியான தொகை இருபத்தோராயிரம், அது தவறாக இருக்கலாம் என்று தொகுத்தவருக்குத் தெரியும், தொகுத்தவர் அந்த மாணவரின் அக்கா என்று எழுதினேன். "வேலை தேடவில்லை" கட்டத்தில் ஒன்பது பேர் என் சொல்லைக் கேட்டு வந்தவர்கள் என்றும் எழுதினேன். தசமத்திடம் ஒரு நகல் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்தார். ஒரு எண்கூடச் சொல்லவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 15

அக்கா,

அம்மாவின் வீடு தப்பியது. அதற்கு உனக்கு நன்றி.

மற்றதைப் படித்துவிட்டு நாலு நாள் உனக்கு எழுத மனம் வரவில்லை. தெரிந்துமா கேட்டாய்? நீ ஒரு வரி, "டேய், உண்மையைச் சொல்லு" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால், ஏப்ரல் மாதமே இந்தச் சுமையை இறக்கி வைத்திருப்பேன். ஒவ்வொரு நாளும் அந்த வரி வரும் வரும் என்று பார்த்தேன். அம்மாவிடம் சொன்ன எண்ணையே எழுது என்றுதான் வந்தது. நான் பொய் சொன்னேன், அதை நீ வாங்கி அடுக்கி வைத்தாய். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. என்மேல் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவு.

இந்தக் கடிதத்தை எழுதி முடிப்பதற்குள்ளேயே அந்தக் கோபம் பாதியாகிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். உன் வேலை என்ன ஆயிற்று?

எல்லாவற்றையும் எழுதினாய். அதிகாரி பென்சிலால் குறி போட்டதைக்கூட எழுதினாய். சீட்டைப் பார்த்துவிட்டு அம்மா என்ன சொன்னாள் என்று மட்டும் எழுதவில்லை. அதை எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

தம்பி


செப்டம்பர் 3

அன்புள்ள தம்பி,

நாங்கள் நலம். இந்தத் தடவை நிஜமாகவே விசாரிக்கிறேன், உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

பத்திரிகை இந்த வருஷத்துக்குக் கல்லூரியின் பெயரை எடுத்துவிட்டது. போஸ்டரைக் கிழித்த இடத்தில் பசைக்கறை இருக்கிறது, அதுவும் ஆள் உயரம். என் ஒப்பந்தம் 31ஆம் தேதி முடிந்தது. தசமம் கடைசி நாளில், நீங்கள் எழுதினதில் கணக்குத் தப்பில்லை என்று மட்டும் சொன்னார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு. யாராவது என்ன செய்கிறாய் என்று கேட்டால், வேலை தேடுகிறேன் என்கிறேன். மேலே படிக்கத் தயாராகிறேன் என்று சொல்ல வாய் துறுதுறுக்கிறது, பழக்க தோஷம்.

அந்த ஒன்பது பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். ஏழு பேர் பேசினார்கள். ஒரு பெண், "நீங்க சொல்லிக் குடுத்ததையே எங்க வீட்லயும் சொல்லிட்டேன் மேடம்" என்றாள். எனக்கு உன் ஞாபகம் வந்தது.

குட்டி பல் செட் பயிற்சிக்குப் போய் ஒரு வாரமாகிறது. அவர்கள் இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடவில்லை. உன்மேல் இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறாள், ஆனால் மெழுகில் செய்த ஒரு கடைவாய்ப் பல்லை உனக்கு அனுப்பச் சொல்லிக் கொடுத்தாள். இந்த உறையில் இருக்கிறது, உடையாமல் பிரி.

அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டாய். பேங்கில் ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதவில்லை, மறைக்கவில்லை. சீட்டை அளவு நோட்டில் செருகி வைத்துக்கொண்டாள். ஒரு மாதமாக அதை எடுப்பதும் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். நேற்று அந்த நோட்டில் அளவுகளுக்கு நடுவே ஏதோ வகுத்தல் போட்டிருந்ததைப் பார்த்தேன். இன்று காலை மிஷினை நிறுத்திவிட்டு, அவனுக்கு நான் எழுதுகிறேன், இடம் விட்டு வை என்றாள். கீழே இருப்பது அவள் கையெழுத்து. நான் ஒரு எழுத்தையும் தொடவில்லை.

அக்கா


தம்பிக்கு அம்மா எழுதுறது.

சீட்டப் பாத்தேன். இருபத்தோராயிரத்தப் பன்னெண்டால வகுத்தேன். மாசம் ஆயிரத்து எழுநூத்தி அம்பது வருது. அதுல வாடகை எவ்வளவு போகும்னு அக்காகிட்ட கேட்டேன், அவளுக்குத் தெரியல. பஸ்ஸுக்கு எவ்வளவுன்னும் தெரியல. அதுல எழுநூற எடுத்து மாசம் தவறாம எனக்கு அனுப்பிருக்க. உன்னக் கருமின்னு சொன்னது நாந்தான்.

போன்ல கேட்டா சாப்பிட்டேம்மான்னு சொல்லிட்டு வெச்சிருவ. அதான் எழுதிக் கேக்குறேன். படிவத்துல எழுதுற மாதிரி எழுதாத, உள்ளத எழுது.

இந்த ஒரு வருஷமா நீ என்ன சாப்பிட்ட?

அம்மா